பெட்டி சொன்ன சேதி

தமிழினியின் படிப்பு, வேலை, புகுந்த வீடு மூன்றும் ஒரே மதில் சுவருக்குள் இருந்தன. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் அந்தப் பொறியியல் கல்லூரியின் தாளாளர் வெள்ளியங்கிரி, அவள் கணவன் கௌசிக்குக்குப் பெரியப்பா. கௌசிக் கல்லூரிப் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டான். வீடு, விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால். அவள் அங்கேயே உதவிப் பேராசிரியை, முனைவர் பட்ட ஆராய்ச்சியும் அங்கேயே. வேலைக்குச் சேர்ந்த எல்லாரையும் போல அவளுடைய அசல் சான்றிதழ்களும் தாளாளர் அறை பீரோவில் பூட்டியிருந்தன. மற்ற பெண்களுக்கு வீட்டில் மூச்சு முட்டினால் ஆபீஸ் இருக்கிறது, ஆபீஸில் முட்டினால் வீடு இருக்கிறது. இவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முகங்கள். "குடுத்து வெச்சவ" என்று உறவுக்காரர்கள் கண் வைத்தார்கள். கொடுத்து வைத்தது என்னவோ உண்மைதான், எல்லாவற்றையும் அந்தப் பீரோவில்.

அவளுடைய ஆராய்ச்சி இதயத்தின் காந்தத்தைப் பற்றியது. இதயத்துக்கு ஏது காந்தம் என்று கேட்பவர்களுக்கு அவள் பொறுமையாகச் சொல்வாள். துடிக்கிற இதயத்தில் மின்சாரம் ஓடுகிறது, மின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகும். ஆனால் அது துளியூண்டு, பூமியின் காந்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அதைப் பிடிக்க அவள் வைத்திருந்தது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு படிகச் சில்லு. அதன் இரு கோடியிலும் சீப்புப் பற்கள் போல உலோகக் கோடுகள். ஒரு கோடியில் மின்சாரம் கொடுத்தால், அது ஒலி அலையாக மாறிச் சில்லின் மேல்தோலில் மட்டும் நடுங்கிக்கொண்டே மறு கோடிக்கு ஓடும். காற்றடிக்கும்போது பனமரத்துப்பட்டி ஏரியில் மேல்தண்ணீர் மட்டும் சிலிர்க்குமே, அப்படி. அலை ஓடும் வழியில் மெல்லிய காந்தப் படலம் ஒன்றைப் பூசியிருந்தாள். பக்கத்தில் காந்தப் புலம் கொஞ்சம் மாறினாலும் படலத்தின் விறைப்பு மாறும், அலை ஒரு நூலிழை முந்தியோ பிந்தியோ போய்ச் சேரும். அந்த நூலிழையை அளந்தால் காந்தத்தை அளந்த மாதிரி.

சொல்லும்போது சுலபம். நெடுஞ்சாலையில் பொழுதுக்கும் லாரி ஓடுகிற இடத்தில், ஓடுகிற ஒவ்வொரு லாரியும் டன் கணக்கில் இரும்பு. இதயம் போடும் கிசுகிசு அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்? வெளிநாட்டில் இதற்கென்று தனி உலோகத்தில் அறையே செய்வார்கள். தாளாளர் நாமக்கல்லில் தனக்குத் தெரிந்த லாரி பாடி கட்டும் பட்டறையில் சொல்லி, டிரான்ஸ்பார்மர் தகட்டையும் அலுமினியத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி ஓர் ஆள் படுக்கவும் பக்கத்தில் ஒருவர் நிற்கவும் ஆகும் அளவுக்குப் பெட்டி செய்து கொடுத்தார். பட்டறைக்காரர்கள் பழக்க தோஷத்தில் கதவைச் சுற்றிப் பூக்கொடி வரைந்து, "நல்வரவு" என்றும் எழுதிவிட்டார்கள். உள்ளே ஆணியே இல்லாத மரக் கட்டில், அதன் மேல் அந்தச் சில்லு வைத்த சென்சார் தொங்கும் மரக் கை. மின்விசிறி கிடையாது, மோட்டாரில் காந்தம் இருக்கிறது. கதவைச் சாத்தினால் சித்திரை மாதத்து லாரிக் கேபினில் பூட்டி வைத்த மாதிரி வேகும். பெட்டி என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

படுக்கிறவர்கள் வளையல், தோடு, மெட்டி, கொண்டை ஊசி, கைப்பேசி எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். தாலியை மட்டும் யாரும் கழற்றச் சொன்னதில்லை. கழற்றச் சொல்லி எந்த வாய் கேட்கும்? தேவையும் இல்லை, தங்கத்தில் காந்தம் ஒட்டாது, மஞ்சள் கயிற்றில் ஒட்டவே ஒட்டாது. ஆய்வு வழிகாட்டி குருமூர்த்தி சாரே சொல்லிவிட்டார்.

ஆண் மாணவர்களைப் படுக்க வைத்தால் கணினித் திரையில் ஒழுங்கில்லாத கிறுக்கல், வெறும் புழுதிதான் பறந்தது. "பசங்க ஒரு இடத்துல அடங்கிப் படுக்கமாட்டானுங்கம்மா" என்றார் குருமூர்த்தி. கல்யாணமாகாத பெண்களைப் படுக்க வைத்தாலும் புழுதி. அவர்கள் சிரித்துவிடுகிறார்கள் என்று அதற்கும் காரணம் கிடைத்தது. கல்யாணமான பெண்கள் படுத்தபோதுதான் துடிப்புக்குத் துடிப்பு அழகழகான மேடுகள் எழுந்தன. குடும்பத்தில் பொறுத்துப் பொறுத்து அசையாமல் இருக்கப் பழகியவர்கள் என்று சார் தத்துவம் பேசினார். மேடுகள் கணக்குப்படி வர வேண்டியதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தன. "படலம் அருமையா அமைஞ்சுருச்சும்மா" என்றார். கிடைக்கிற பெருமையை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தமிழினியும் நம்பினாள். கட்டுரை எழுதினாள், ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மாமியார் சௌந்திரத்துக்கு இடது தோள் வலித்தது. மிளகாய் காயப்போட மாடி ஏறினால் நெஞ்சை அடைத்து வேர்த்தது. வாயு என்று இஞ்சிச் சாறு குடித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு ஆகாது. அவளுடைய அண்ணன் ஒருவர் நல்ல நடையோடு ஆஸ்பத்திரிப் படி ஏறி, ஆம்புலன்சில் திரும்பி வந்தவர்.

"நம்மூட்டு மருமக கட்டுன பெட்டி இருக்கையில நான் எதுக்குச் சாமி எவங்கிட்டயோ போயி நெஞ்சக் காட்டோணும்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து பெட்டியில் படுத்துக்கொண்டாள்.

மேடுகள் எழுந்தன. இதுவரை வந்ததிலேயே உயரமான, ஒரே சீரான மேடுகள். கௌசிக் அதைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தான். சௌந்திரம் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். வருகிற போகிறவர்களிடமெல்லாம், "பாருங்க, என்ற நெஞ்சு கொல்லிமலையாட்டம் இருக்குது" என்று காட்டினாள். தமிழினிக்கும் அன்றைக்கு மனம் குளிர்ந்துதான் போயிற்று. அதை மறைப்பானேன்.

குளிர்ந்த மனம் சின்னாயியால் கொதித்தது. சின்னாயி விடுதிச் சமையல்காரி. முதல் சுற்றில் அருமையான மேடுகள் தந்தவர்களில் அவளும் ஒருத்தி. கட்டுரையைப் பார்த்த ஆய்விதழ்க்காரர்கள், அதே ஆட்களைச் சில மாதம் கழித்து மறுபடி அளந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். இதற்கிடையில் சின்னாயியின் கணவர் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு, தமிழினி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "அதுக்கென்னங்கம்மா, படுக்கறது ஒரு கஷ்டமா?" என்று சின்னாயி வந்து படுத்தாள்.

திரையில் புழுதி. மேடு என்று ஒன்றுகூட இல்லை. தமிழினி கம்பிகளைச் சரி பார்த்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடியும் புழுதி.

சின்னாயி வெளியே வந்து திரையைப் பார்த்தாள். பழைய படத்தையும் புதிய படத்தையும் மாறி மாறிப் பார்த்தவள், "ஏனுங்கம்மா, எனக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்லீங்களா?" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவரோடயே போயிருச்சாட்ட இருக்குது" என்று அழுதாள்.

"துக்கத்துல இதயம் தளர்ந்துருச்சும்மா" என்றார் குருமூர்த்தி. அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. தமிழினிக்கு அது ஒட்டவில்லை. துக்கத்தால் இதயம் துடிக்காமலா இருக்கிறது? போனமுறைக்கும் இந்த முறைக்கும் சின்னாயியின் உடம்பில் மாறியது ஒன்றே ஒன்றுதான், கழுத்து மூளியாக இருந்தது. ஆனால் அது மஞ்சள் கயிறு, குண்டுமணித் தங்கம். யோசித்துக்கொண்டே தன் தாலிக்கொடியைத் தடவியபோது, விரலில் ஊக்கு தட்டுப்பட்டது.

சேலை மடிப்புக்கு அவசரத்துக்கு ஆகுமென்று தாலிக்கொடியில் ஊக்கு கோத்து வைக்காத பெண் நம் பக்கத்தில் யார்? முள் எடுக்க ஒன்று, ரவிக்கைக் கொக்கி அறுந்தால் ஒன்று. மாமியார் கழுத்தில் ஒரு கொத்தே தொங்கும். அது உடம்போடு ஒட்டிப் போனது. நகையென்று யாரும் நினைப்பதில்லை, இரும்பென்றும் நினைப்பதில்லை. தமிழினி பெட்டிக்குள் போய் உள்பக்கம் கொண்டியைப் போட்டாள். திருடி போல நெஞ்சு அடித்துக்கொள்ளத் தாலிக்கொடியைக் கழற்றி, ஊக்குகளை எடுத்துவிட்டுச் சென்சாருக்குக் கீழே லேசாக அசைத்தாள். கால்மாட்டில் தள்ளி வைத்திருந்த மடிக்கணினியில் புழுதி. ஒரே ஓர் ஊக்கைக் கோத்து அசைத்தாள். மேடு, மேடு, மேடு.

இதயம் துடிக்கையில் மார்பு மயிரிழை அளவுக்கு ஏறி இறங்குகிறது. அதோடு எஃகு ஊக்கும் ஏறி இறங்குகிறது. இத்தனை மாதமாகப் பெட்டி அளந்தது அதைத்தான். நிஜ இதயத்தின் காந்தம் அந்தப் புழுதிக்குள் எங்கேயோ இருக்கலாம், அதைப் பார்க்கிற கண் இந்தச் சில்லுக்கு இன்னும் வரவில்லை. அடைப்பு விழுந்த நெஞ்சாக இருந்தாலும் ஆடுகிறவரை ஊக்கு ஆடும், மேடு எழும். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதம் அவள் கண் முன்னால் வந்தது. அவள் நேராகக் குருமூர்த்தியின் அறைக்கு ஓடினாள்.

குருமூர்த்தி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். முழுவதும் கேட்ட பிறகு, "இது யார் யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்கும் உங்களுக்குந்தாங்க சார்."

"அப்ப இது ஒரு பிரச்சினையே இல்லம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆய்வேடு போயாச்சு. வைவா முடியட்டும். அடுத்த கட்டுரையில நாசூக்காத் திருத்திக்கலாம். நான் ரிடையர் ஆகப் போறவன், இப்பப் போயி தாளாளர்கிட்ட ஊக்கு ஊக்குன்னு சொல்லச் சொல்றியா? வேணும்னா நீயே போயிச் சொல்லு, உங்க மாமாதானே."

"வீட்டுல அத்தை ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேங்கறாங்க சார். பெட்டி நல்லாருக்குன்னு சொல்லிருச்சாம்."

குருமூர்த்தி துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

அன்று சாயங்காலம் சௌந்திரம் வாசலில் கோலமாவு டப்பாவைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. தமிழினி ஓடிப்போய்த் தாங்கினாள், அங்கேயே சொல்லிவிட்டாள்.

"அத்தை, அந்தப் பெட்டிக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நான் பண்ணுன தப்புங்க அது. வாங்க, சேலம் போயிப் பாத்துட்டு வந்துரலாம்."

சௌந்திரம் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "என்னைய ஆஸ்பத்திரிக்குத் தாட்டறதுக்கு நீ உன்ற படிப்பையே கொறச்சுப் பேசற பாரு. உன்னைய மாதிரி மருமக எவளுக்குச் சாமி கெடைப்பா? எனக்கு வெறும் வாயு."

தமிழினி கௌசிக்கிடம் ஊக்கு விஷயம் முழுவதையும் சொன்னாள். அவன் நல்லவன்தான், இடி விழுந்தால்கூடப் பெரியப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் அலறுவான். "அம்மாகிட்ட என்னத்தையாவது சொல்லிப்போட்டுக் கூட்டீட்டுப் போ. ஆனாப் பெட்டி பொய்யின்னு பெரியப்பா காதுக்கு மட்டும் போவக்கூடாது தமிழு. ஊரு முச்சூடும் சொல்லி வெச்சிருக்கறாரு" என்றான்.

உண்மையைச் சொன்னால் மாமியார் நம்பமாட்டாள், சொல்லாவிட்டால் பிழைக்கமாட்டாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தமிழினி ஒரு வாரம் கிடந்தாள். மாமியார் இருமினால் எழுந்து உட்கார்ந்தாள். கடைசியில், கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். இன்னொரு முறை பெட்டியில் படுக்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி இல்லை, பெட்டி என்றதும் சௌந்திரம் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். கௌசிக்கும் கூட வந்தான்.

முதலில் ஊக்கு இல்லாமல், பிறகு ஊக்கோடு என்று தமிழினி வரிசை போட்டு வைத்திருந்தாள். முதலில் மேடில்லாமல் கிடக்கும், ஊக்கை மாட்டினால் எழும், பார்த்தீர்களா அத்தை, இது நெஞ்சில்லை ஊக்கு என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற சோதனை. ஆனால் அந்த வரிசைதான் குடியைக் கெடுத்தது.

"ஊக்கையெல்லாம் கழட்டிக் குடுங்கத்தை."

"இதையுமா? போன தடவ கேக்கலயே" என்று முணுமுணுத்தபடி சௌந்திரம் ஒவ்வொன்றாகக் கழற்றி மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தாள்.

திரையில் புழுதி எழுந்தது. தமிழினி பெட்டிக் கதவைத் திறந்து பேச வாயெடுப்பதற்குள், "அய்யோ, அம்மாளுக்கு என்னாச்சு?" என்று, ஊக்கு விஷயம் தெரிந்தும் மறந்து, கௌசிக் கத்திவிட்டான். சௌந்திரம் கட்டிலிலிருந்து இறங்கி, தடுமாறிக்கொண்டே வந்து திரைக்கு முன்னால் நின்றாள். அவள் அந்தப் படத்தை மாதக்கணக்காகப் பார்த்துப் பூரித்தவள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ற மேடு எங்கீடா? தரையாட்டப் போயிருச்சே…" அவள் முகம் வெளுத்தது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கௌசிக்கு, எனக்குப் பயமா இருக்குது. என்னைய எங்காச்சும் கூட்டீட்டுப் போ."

மூடிய கைக்குள் ஊக்குகள் தமிழினியைக் குத்தின. இப்போது இரண்டாவது சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? மேடு எழும். இருவர் முகமும் மலரும். சரியாகிவிட்டது என்று அத்தை வீட்டுக்குத் திரும்பி மிளகாய் காயப்போட மாடி ஏறுவாள். உண்மையைச் சொன்னால் ஏற்கெனவே சொன்ன கதைதான், நம்பமாட்டாள். இத்தனை நாளாக எந்த மனிதர் சொல்லியும் கேட்காதவளை இந்தக் கோடு ஒரு நொடியில் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிட்டது. அது பொய்யான கோடு என்பது தமிழினிக்குத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன தமிழு, என்ன பண்றது?" என்றான் கௌசிக்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்றாள். அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன கணத்திலேயே, தான் எதற்குள்ளோ காலை வைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஈசிஜி எடுத்ததுமே டாக்டர் முகம் மாறியது. ஆஞ்சியோ செய்து பார்த்தால் இரண்டு இடத்தில் அடைப்பு, ஒன்று ஏறக்குறைய முழுசாக. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையை மீறிப் போயிருக்கும், எப்படிச் சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "என்ற சம்சாரம் பண்ணுன மிசினு காட்டிக் குடுத்துருச்சுங்க" என்றான் கௌசிக்.  ஊக்கு விஷயம் முழுவதும் தெரிந்தவன் அவன், ஆனால் அந்த நேரத்தில் அதை அவன் மனதார நம்பினான். தாயைத் திரும்பப் பெற்றவனிடம் யார் வாதாடுவது? தமிழினி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அத்தை பிழைத்த சந்தோஷத்துக்கு அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் தட்டிக் கொடுத்தார்கள். பாதி அதுவும்தான்.

ஒரு வாரத்துக்குள் நெடுஞ்சாலையில் பிளெக்ஸ் முளைத்தது. "மாமியாரின் உயிர் காத்த மருமகளின் கண்டுபிடிப்பு." கீழே, பெண்களுக்கு மட்டும் கட்டணமில்லா இதயப் பரிசோதனை முகாம் என்ற அறிவிப்பு. கல்யாணமான பெண்களுக்குத்தான் பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று தாளாளரிடம் சொன்னவர் குருமூர்த்தி.

தமிழினி நேராகத் தாளாளர் அறைக்குப் போனாள். வெள்ளியங்கிரி ஒரு காலத்தில் சொந்த ரிக்கு வண்டியோடு ஆந்திரா, கர்நாடகா என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். மருமகளை உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்து, ஊக்குக் கதையைக் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சாமி, நான் ரிக்கு ஓட்டுன காலத்துல தண்ணி பாக்கற ஆளு ஒருத்தன் எங்கூட வருவான். உள்ளங்கையில தேங்காய வெச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள நடப்பான். தேங்கா எந்திரிச்சு நின்னா அந்த எடத்துல ஓட்டச் சொல்லுவான். நானும் ஓட்டுவேன். தண்ணி வந்துரும். தேங்காய்க்கு எப்படித் தெரியும்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல."

"வராத எடமும் இருந்திருக்குமுங்களே மாமா?"

"இருக்கும். அதை ஆரு பேசறாங்க?" அவர் சிரித்தார். "இப்பத் தண்ணி வந்துருச்சா இல்லயா? என்ற தம்பி பொண்டாட்டி உசுரோட ஊட்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கறா. அதுக்கு மேல எனக்கு என்ன ருசு வேணும்? நீ வெசனப்படாத. வெளிய மட்டும் இதைப் பேசிப்போடாத, காலேஜுப் பேரு கெட்டுப்போயிரும். உன்ற சர்டிபிகேட்டெல்லாம் நம்ம பீரோவுலதான இருக்குது? பத்திரமா இருக்கும்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூடக் கோபப்பட்டிருக்கலாம். மோரைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் குடித்துவிட்டு வந்தாள்.

முகாமன்று காலையிலேயே கூட்டம் மைதானத்தைத் தாண்டி வாசல்வரை நின்றது. கல்லூரிப் பேருந்துகளை கௌசிக் ஊர் ஊராக அனுப்பி ஏற்றி வந்திருந்தான். பந்தலில் நாற்காலி போட்டு சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டித் தன் கதையை அவள் சொல்லச் சொல்ல, பெண்கள் வாயில் கை வைத்துக் கேட்டார்கள். முகாமுக்காகப் பந்தலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த பெட்டிக்குள், மரக் கட்டிலுக்குப் பக்கத்தில் தமிழினி நின்றாள். ஊக்கு இருந்தால் எல்லாரும் சுகம். ஊக்கைக் கழற்றினால் எல்லாரும் நோயாளி. எவள் சுகம் எவள் நோயாளி என்பது முழுக்க அவள் கையில் இருந்தது, அவளுக்கோ எதுவும் தெரியாது. ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவோடு வந்திருந்தாள். வருகிற ஒவ்வொருத்தியிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. தனக்குத் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது, ஈசிஜி எடுங்கள். அவ்வளவுதான். சான்றிதழ் போனால் போகட்டும்.

முதலில் வந்தவள் பெயர் அனிதா. சேந்தமங்கலத்திலிருந்து வருகிறாள், சின்ன வயசு. கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலையாம். படிக்கட்டு ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்றாள்.  ஏறக்குறைய அத்தை சொன்ன அதே வார்த்தைகள்.

அனிதா படுத்தாள். மூலையிலிருந்த மடிக்கணினித் திரையில் மேடுகள் எழுந்தன.

தமிழினி அவளை எழுப்பி உட்கார வைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இங்க பாரும்மா. உனக்கு எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பெட்டிக்கும் தெரியாது. இது இன்னும் சரியா வராத மிசினு. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஈசிஜி எடு. போவியா?"

அனிதா அவளை அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கண்களில் மெதுவாக நீர் கட்டியது.

"மாமியா உசுர எமங்கிட்ட இருந்து மீட்டுட்டு வந்த கையிங்க இது. எவ்வளவு பெரிய படிப்புப் படிச்சுப்போட்டு, எனக்குத் தெரியாதுன்னு சொல்றீங்களே" என்றாள். "இத்தனை தாழ்மை இருக்கறதுனாலதாங்க சாமி உங்களுக்குக் குடுத்திருக்குது."

"தாழ்மையில்லம்மா, நெசமா…"

"எனக்குப் புரிஞ்சுருச்சுங்கக்கா. ஏதாச்சும் கெட்டது தெரிஞ்சிருந்தா உங்க மாமியாளுக்குச் சொன்னாப்புடி ஒரே வார்த்தையில சொல்லியிருப்பீங்க. கையைப் புடிச்சு இவ்வளவு சமாதானஞ் சொல்லமாட்டீங்க." அவள் குனிந்து தமிழினியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லயாம்!" என்று அவள் வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது. பெண்கள் சந்தோஷமாக ஏதோ சொன்னார்கள். "அனிதா, நில்லு!" என்று தமிழினி கதவுக்கு ஓடினாள். அதற்குள் அடுத்தவள் படியில் ஏறி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தோளுக்கு மேலே, கூட்டத்துக்குள் பச்சைச் சேலை ஒன்று பேருந்துப் பக்கம் போவது தெரிந்தது. அது அனிதாவின் சேலையா என்றுகூடத் தெரியவில்லை. இன்னொரு முறை கத்தினாள். மைக்கில் தாளாளர் பேச ஆரம்பித்திருந்தார்.

அடுத்தவள் வளையல்களைக் கழற்றித் தட்டில் வைத்தாள். கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டு, மரக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினாள்.